ஓடுகிற வண்டியில் கை வைத்தவர்கள்

அத்தைக்கு ஒரு குறையும் இல்லை. சின்னவளுக்கு அதுதான் கவலை.

அத்தை என்பது ஜீப்பின் பெயர். மேடேறும்போது முணுமுணுக்கும், இறக்கத்தில் அதட்டும், ஏறி உட்கார்ந்தவர்களின் இடுப்பை ஒடிக்கும். ஆனாலும் யாரையும் நடுவழியில் விட்டதில்லை. அதில் போய்வருகிறவர்கள் வைத்த பெயர் அது. மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. நான்கு முறை முழுதாகச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டு, இப்போது ஐந்தாவது சுற்றில் பாதியில் இருந்தது. நாலரை லட்சம் கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தார் என்பதையே பார்க்காத கல்தடம்.

"பூமியைப் பதினோரு தடவை சுத்தியாச்சு," என்று ஒருநாள் பின்சீட்டிலிருந்து கணக்கு டீச்சர் சொன்னாள்.

"அதான் எனக்கு இடுப்பு வலிக்குது," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த டெய்லர்.

சின்னவள் மலைமேல் இருந்த கல் குவாரியில் பதினான்கு வருஷம் டிப்பர் லாரி ஓட்டியவள். குவாரி மூடியபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய ஜீப் அவள் கைக்கு வந்தது. மூன்று வருஷமாக, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், மலைக்குடியிருப்பிலிருந்து நான்கு பேரைக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. முப்பத்தெட்டு கிலோமீட்டர். மூன்று ஓடைகள். இரண்டரை மணி நேரம். அந்த நான்கு பேரில் டெய்லர் ஒருவர், கணக்கு டீச்சர் ஒருத்தி, அதிகம் வாய் திறக்காத தேனீக்காரர் ஒருவர். நான்காவது ஆள் அவளுடைய சொந்த அக்கா.

போன மழைக்காலத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து தடத்தின் குறுக்கே நின்றுவிட்டது. ஜீப்பால் தாண்ட முடியவில்லை. ஒரே ஒரு முறை டயாலிசிஸ் தவறியது. மூன்றாம் நாள் டெய்லருக்கு மூச்சு முட்டி, கண் செருகி, அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. பிழைத்து வந்து, "மேல போய்ப் பாத்தேன், அங்க ஏற்கெனவே நல்ல டெய்லர் இருக்காராம், திருப்பி அனுப்பிட்டாங்க," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் குறுக்கே நின்றது யாரோ ஒருவருடைய லாரி. நின்றது அத்தையாக இருந்திருந்தால் என்ன பதில் சொல்வது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. எந்தச் சாமான் எத்தனை கிலோமீட்டரில் மாட்டியது, எத்தனைக்குள் மாற்ற வேண்டும் என்று தனித்தனியாக எழுதியிருந்தாள். குவாரியில் கற்ற பழக்கம் அது. அங்கே ஃபோர்மேன் வண்டி ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து ஹோஸையும் பேரிங்கையும் கழற்றி எறிவார். சாமான் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விடமாட்டார். நல்ல சாமானை இப்படி வீணடிக்கிறார்களே என்று முதல் வருஷம் அவளுக்கு வயிறு எரிந்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுடைய லாரி பாரத்தோடு சரிவில் நின்றதில்லை என்று கணக்குப் பார்த்தபோது எரிச்சல் அடங்கிவிட்டது.

இப்போது அந்தப் பட்டியலில் பதினோரு வரிகளுக்குக் கெடு கடந்திருந்தது. மழைக்கு இன்னும் ஆறு வாரம்.

பட்டியலைக் கழற்றி மடித்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். வீட்டை ஒட்டியே தகரக் கூரை போட்ட ஷெட். அக்கா புருஷன்தான் மலையில் இருக்கும் ஒரே மெக்கானிக். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அதனால் ஊருக்கு அவர் பெயரே பாக்கலாம். ஆனால் நின்றுபோன வண்டி என்று வந்துவிட்டால் அவரைப்போல ஒருவர் கிடையாது. பாதி வழியில் படுத்த லாரியை ஒரு துண்டுக் கம்பியையும் சைக்கிள் டியூபையும் வைத்து வீடு வரைக்கும் ஓட வைத்தவர்.

பட்டியலை அவர் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலேயும் ஒரு முறை படித்தார்.

"வண்டியில என்ன சத்தம் வருது?"

"ஒண்ணும் வரல மாமா."

"இழுவை குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாது சின்னவளே. தூங்குற நாயத் தட்டி எழுப்புற கதை."

"ஓடாத வண்டியில கை வெச்சா என்ன, வெக்காட்டி என்ன? பெரிய ஓடைக்குப் பக்கத்துல நின்னுடுச்சுன்னா போன்கூட எடுக்காது. மழை வந்துட்டா அந்தப் பக்கம் ஒரு வண்டி வராது."

"பாக்கலாம்," என்றார் மெக்கானிக்.

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து ஐஸ் துண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்த அக்கா, பெரியவள், "சொல்லிட்டாருல்ல, அடுத்த வருஷம் ஆரம்பிச்சுடுவாரு," என்றாள். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். தாகத்துக்கு ஐஸ் துண்டு, வேடிக்கைக்குப் புருஷன் என்று அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போயிற்று. பட்டியல் ஷெட்டில் ஒரு ஆணியில் தொங்கியது. மெக்கானிக் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமான்களை மட்டும் ஒவ்வொன்றாக வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினார். அடுக்கினாரே தவிர ஒரு டப்பாவையும் பிரிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை காலை அவர் யாரோ ஒருவருடைய டிராக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, ஷெட்டின் நடுவில் அத்தை நான்கு கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரம் இரண்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சின்னவள் முழங்கை வரை கிரீஸோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தகர டப்பாக்களை வைத்துக்கொண்டு, எந்த நட்டு எந்தச் சக்கரத்துடையது என்று சாக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டி போயாகணும்," என்றாள் சின்னவள், தலையைத் தூக்காமல். "நான் தனியா மாட்டினா புதன்கிழமை ஆயிடும்."

மெக்கானிக் உள்ளே வந்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

முதலில் வந்தது இடது முன்சக்கரப் பேரிங். அவர் அதை டீசலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். பளபளவென்று இருக்க வேண்டிய உருளைகள் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. சத்தமே வரவில்லையே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அடுத்தது பிரேக் ஹோஸ். வெளியே பார்க்கக் கறுப்பாக, வழவழப்பாக, நேற்று மாட்டியது போல இருந்தது. "இதுக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டே அவர் அதை வளைத்தார். வளைத்த இடத்தில் ரப்பர் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி வாய் பிளந்தது. உள்ளே நூல் தெரிந்தது.

இறக்கம் முழுக்க அத்தனை பேரையும் தாங்கிக்கொண்டிருந்தது அந்த நூல்தான்.

பெரியவள், "டப்பால போடணுமா, தூக்கிப் போடணுமா?" என்று கேட்டாள்.

"தூக்கிப் போடு," என்றார் அவர்.

எல்லாமே அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. ஃபேன் பெல்ட் நன்றாகவே இருந்தது. வாட்டர் பம்ப் கல் போல இருந்தது. சுழற்றினால் ஒரு உரசலும் இல்லை. "பாத்தியா, இன்னும் ஐம்பதாயிரம் ஓடும்," என்று மெக்கானிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நல்லா இருக்கும்போதே எடுத்துட்டோம், அதான் நல்லா இருக்கு," என்றாள் சின்னவள். பம்பையும் பெல்ட்டையும் துடைத்து, கிரீஸ் தடவி, பழைய துணியில் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் புதுப் பம்பை மாட்டும் நேரத்தில் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். கையை விரித்துக் காட்டினார். விரல்கள் லேசாக ஆடின.

"எனக்கு நின்ன வண்டியத் தொட பயமில்ல," என்றார். "அது ஏற்கெனவே கெட்டாச்சு. நான் தொட்டா நல்லதுதான் ஆகும். ஓடுற வண்டி அப்படி இல்ல. நான் ஒரு போல்ட்ட அரைச் சுத்து கம்மியா முடுக்கி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என் கை பண்ணினது. உள்ள உக்காந்து போறது யாரு?"

அவர் யாரையும் பார்க்கவில்லை. பெரியவள் மடியிலிருந்த டப்பாவை மூடினாள்.

"தொடாம விட்டு ஏதாவது ஆனாலும் நாம பண்ணினதுதான் மாமா," என்றாள் சின்னவள். "ஒரே வித்தியாசம், யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க."

"என் பிரஷர் விஷயத்துல அப்படித்தானே இருந்தோம்," என்றாள் பெரியவள். அவள் குரலில் குத்தல் இல்லை. "டாக்டர் மாத்திரை போடச் சொன்னப்ப, நல்லாத்தானே இருக்கேன்னு நான் சொன்னேன். நல்லாத்தானே இருக்கான்னு நீங்க சொன்னீங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம், அதுக்குள்ள கிட்னி போயிடுச்சு. இப்ப அந்த ஸ்பேனர எடுங்க, எனக்கு நடுமுதுகு வலிக்குது."

அவர் எடுத்தார். மாட்டுவதற்கு முன்னால் சின்னவளின் கண் பம்ப் வந்த டப்பாமேல் விழுந்தது. அவள் எழுதிக் கொடுத்த கம்பெனியின் பெயர் அதில் இல்லை.

"இது வேற மாதிரி இருக்கே மாமா?"

"எல்லாம் ஒண்ணுதான். கடைக்காரர் சொன்னாரு."

ஞாயிறு சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. செவ்வாய் காலை ஏழு மணி அவள் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மேலே கேட்கவில்லை.

செவ்வாய் முதல் மெக்கானிக்கும் கூடவே வர ஆரம்பித்தார். கேட்டால், "புது பேரிங், சூடு பாக்கணும்," என்றார். முன்சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஜன்னலில் காதை வைத்தபடி மூன்று ஓடையும் தாண்டினார். ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இருக்கா டாக்டர்?" என்று டெய்லர் கேட்டார்.

"இல்ல, நார்மல்," என்று பதில் சொல்லிவிட்டு மெக்கானிக் ஏறிக்கொண்டார்.

மூன்று வாரம் அத்தை புதுப் பெண் போல ஓடியது. கிளட்ச் கால் வைத்ததும் இறங்கியது. ஸ்பிரிங் புஷ் மாற்றியதால் பின்சீட்டில் எலும்பு எண்ணும் வேலை குறைந்தது. கணக்கு டீச்சர் வண்டி ஓடும்போதே விடைத்தாள் திருத்தினாள். முன்பெல்லாம் அப்படித் திருத்தினால் சரிக்கும் தவறுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேனா ஓடும் என்றாள். பிறகு மழை வந்தது. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்தது.

மழை பிடித்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. இரண்டாம் ஓடையைத் தாண்டி அரை மைல் போயிருப்பார்கள். சின்னவள் வெப்பமானியைப் பார்த்தாள். நடுவில் நிற்க வேண்டிய முள் ஒரு கோடு மேலே நின்றது. அடுத்த வளைவில் இன்னொரு கோடு. அவள் ஓரமாக, பாறை மழையை மறைக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தி, என்ஜினை அணைத்தாள்.

பானெட்டைத் தூக்கினால் ஆவி. அது கலைந்ததும் தெரிந்தது. புது வாட்டர் பம்பின் அச்சுக்கு அடியிலிருந்து பச்சை நிற ரேடியேட்டர் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இல்லை, நூலாகவே இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீரைத் தடுக்கிற சீல் போய்விட்டது.

மணி எட்டே முக்கால். பத்தரைக்கு நான்கு பேரும் மிஷினில் படுத்திருக்க வேண்டும். டவுன் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். போனில் ஒரு கோடுகூட இல்லை.

டெய்லர் தலையை நீட்டினார். "பழசு போயிடுச்சா டிரைவரம்மா?"

"இல்ல. புதுசு."

மெக்கானிக் மழையில் நனைந்துகொண்டே நின்றார். "அந்தக் கம்பெனி சாமான் கடையில இல்ல," என்றார். "இதுதான் இருந்துச்சு. அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். நான்தான் பண்ணிட்டேன்."

"டப்பாவ நானும்தான் பாத்தேன்," என்றாள் சின்னவள். "பாத்தும் வாய மூடிக்கிட்டேன். அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப வண்டி நின்னுடுச்சு மாமா. நின்ன வண்டின்னா உங்களுக்குப் பயமில்லையே?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அவை ஆடவில்லை.

"பத்து நிமிஷம் ஆறட்டும்," என்றார். "ரேடியேட்டர் மூடிய யாரும் தொடாதீங்க. அந்தப் பழைய பம்ப எடு."

அவள் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துணிமூட்டையை இழுத்தாள். நான்கு பேரும் இறங்கினார்கள். தேனீக்காரர் யாரும் சொல்லாமலே தார்ப்பாயை உருவி பானெட்டுக்கு மேலே கூரையாக விரித்தார். அதற்கு மூன்று முனையில் மூன்று பேர் வேண்டும். நான்காவது முனையைக் கண்ணாடிக் கம்பியில் கட்டியாயிற்று. டயாலிசிஸ் ஊசி குத்தும் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே டெய்லரும் டீச்சரும் தேனீக்காரரும் ஆளுக்கு ஒரு கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். பெரியவள் முன்சீட்டில் உட்கார்ந்து, கழற்றிக் கொடுக்கிற போல்ட்டுகளை மடியில் வரிசையாக வைத்தாள்.

"ஃபேன் போல்ட் நாலு."

"நாலு," என்றாள் பெரியவள்.

"பம்ப் போல்ட். இது மட்டும் நீளம், தனியா வை."

"நெட்டையன் தனியா. சரி."

முக்கால் மணி நேரத்தில் புதுப் பம்ப் வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டை உண்டு, பேக்கிங் என்பார்கள். அது இல்லாமல் மாட்டினால் சுற்றிலும் ஒழுகும். இருந்த பேக்கிங் இரண்டாகக் கிழிந்து பாதி என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கெட்டி அட்டை வேணும். யார்கிட்டயாவது இருக்கா?"

கணக்கு டீச்சர் தார்ப்பாய் முனையைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து விடைத்தாள் வைத்திருந்த ஃபைலை எடுத்தாள். தாள்களை உருவி உள்ளே போட்டுவிட்டு வெறும் அட்டையை நீட்டினாள். "ஏழாம் வகுப்பு," என்றாள். "பாதிப் பேர் ஃபெயில். அட்டையாவது பாஸாகட்டும்."

மெக்கானிக் பழைய பம்பின் முகத்தில் கிரீஸ் தடவி அட்டைமேல் அழுத்தினார். கோணல்மாணலான ஒரு வடிவமும் போல்ட் ஓட்டைகளும் கறுப்பாகப் பதிந்தன. கத்தி எடுத்து வெட்டப் போனார்.

"கொடுங்க இங்க," என்றார் டெய்லர், தன் முனையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு. சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கத்தரி ஒன்று வெளியே வந்தது. "கத்தரி இல்லாம வெளிய வந்தா எனக்குச் சட்டை போடாம வந்த மாதிரி. இந்தக் கோட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"கோட்டு மேலயே."

டெய்லர் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, அட்டையைத் தொடைமேல் வைத்து வெட்டினார். அவசரப்படவில்லை. அக்குள் வளைவு வெட்டுகிறவரின் கை. வளைவுகளில் கத்தரி நிற்காமல் அட்டைதான் திரும்பியது. ஓட்டைகளை நடுவில் மடித்து ஒரே வெட்டில் வட்டமாக எடுத்தார். மெக்கானிக் அதைப் பம்பின்மேல் வைத்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை.

"பட்டன் வெக்கணுமா?" என்று கேட்டார் டெய்லர்.

போல்ட்டுகளை மெக்கானிக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு ஸ்பேனரைச் சின்னவளிடம் கொடுத்தார். "நீ ஒரு தடவை பாரு." அவள் எல்லாவற்றையும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். தேனீக்காரர் பாறையில் வழிந்த தண்ணீரைத் தன் துண்டில் வடிகட்டி, இரண்டு நடையில் வாளியில் கொண்டுவந்தார். ரேடியேட்டர் நிறைந்தது.

சின்னவள் சாவியைத் திருப்பினாள். அத்தை ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. ஐந்து பேர் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட இல்லை.

தேனீக்காரர் அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்தார் என்று பிறகு டெய்லர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "போலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். தலையிலிருந்து கால் வரை சேறும் கிரீஸுமாக ஆறு பேர் வாசலில் நின்றதைப் பார்த்து, டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் முதலில் ஒரு கட்டுத் துண்டுகளைத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க மிஷின வேற யாருக்காவது கொடுத்துட்டீங்களா?" என்று சின்னவள் கேட்டாள்.

"மத்தியான ஷிஃப்ட்காரங்களுக்குப் போன் பண்ணி ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்லிட்டேன்," என்றாள் நர்ஸ். "நேரம் தவறாத வண்டி இன்னிக்கு வரலேன்னா வந்துக்கிட்டிருக்குன்னுதான அர்த்தம்? போய்க் கை கழுவிட்டு வரச் சொல்லுங்க."

நான்கு பேரும் படுத்தார்கள். பெரியவளின் கையில் ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும், மெக்கானிக் ஈரச் சட்டையோடு வெளியே கிளம்பினார். நான்கு மணி நேரத்தில் அவர் ஆறு கடை ஏறி இறங்கினார். ஆறாவது கடையில், பட்டியலில் எழுதியிருந்த அதே கம்பெனிப் பம்ப் கிடைத்தது. சாயங்காலம் அதை மனைவியின் கட்டிலில், அவள் கால்மாட்டில் வைத்தார். "பிரிச்சுப் பாரு," என்றார். "மாட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் பாக்கணும்."

பெரியவள் ஊசி குத்தாத கையால் டப்பாவைத் திறந்து, அச்சைச் சுழற்றினாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள். டெய்லர் காதில் வைத்துக் கேட்டார். டீச்சர் ஓட்டைகளை எண்ணினாள். தேனீக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நர்ஸும் ஒரு சுற்று சுற்றினாள்.

மறுநாள் சனிக்கிழமை, மழை கொஞ்சம் விட்டிருந்தது. காலையில் சின்னவள் போவதற்குள் மெக்கானிக் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி, அத்தையைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார். பட்டியலில் ஒரு புது வரி அவர் கையெழுத்தில் இருந்தது: புதுச் சாமான், முதல் மாதம், வாரம் ஒரு முறை பார்க்கவும். பழைய பம்ப் மறுபடியும் துணிக்குள் போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. கூடவே கடையில் வாங்கிய பேக்கிங் இரண்டும், டெய்லர் அளவெடுத்து வெட்டித் தந்த இன்னொன்றும் போயின.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

"டெஸ்ட் பண்ணணும்," என்றார் மெக்கானிக். "முதல் ஓடை வரைக்கும் போயிட்டு வரலாம்."

"இருங்க, நானும் வர்றேன்," என்றாள் பெரியவள். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஓடை வேண்டாம்," என்றாள்.

"பின்ன?"

"மூணு வருஷமா இந்த வண்டியில ஏறினா ஆஸ்பத்திரி, இறங்கினா வீடு. தடம் கீழ மட்டுமா போகுது? மேலயும்தான் போகுது."

சின்னவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். "பாக்கலாம்," என்று வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தார்.

குவாரிக்குப் போகும் பழைய தடம் அது. யாரும் போகாததால் நடுவில் புல் முளைத்திருந்தது. சின்னவள் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, முதல் கியரில் நிதானமாக ஏற்றினாள். அத்தை வழக்கம்போல முணுமுணுத்தது. ஈரக் கல்லில் ஒரு இடத்தில் வழுக்கி, பிடித்துக்கொண்டு, மேலே போயிற்று. முள் நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. உச்சியில் தடம் முடிந்துபோகும் இடத்தில் அவள் நிறுத்தினாள்.

பெரியவள் தானாகவே இறங்கினாள். யார் கையையும் பிடிக்கவில்லை. பத்தடி நடந்து, மூச்சு வாங்க நின்று, இன்னும் பத்தடி நடந்தாள். கீழே மேகம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் குடியிருப்பின் கூரைகள், இன்னொரு பக்கம் அவள் இதுவரை பார்த்தே இராத ஒரு பள்ளத்தாக்கு, அதன் நடுவில் வெயில் விழுந்த ஒரு திட்டு. காற்று அவள் முந்தானையை இழுத்தது. அவள் அதைச் சரி செய்யாமல் நின்றாள்.

மெக்கானிக் இறங்கியதும் பானெட்டைத் திறந்துவிட்டார். குனிந்து, பம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. இன்னொரு தடவை தடவினார்.

"அத மூடிட்டு இங்க வாங்களேன்," என்று பெரியவள் கூப்பிட்டாள்.

அவர் விரலை வேட்டியில் துடைத்தார். பானெட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடிவிட்டு, அவளிடம் நடந்து போனார்.